ஊர்வழி: செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் மலை ஊர்

பெரியகுளம் தென்கரையிலிருந்து ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மகனுக்கு ஜெர்மனியில் வேலை. போன வருஷம் அம்மாவை அழைத்து, இத்தாலிக்குத் தெற்கே இருக்கும் சிசிலித் தீவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். எரிச்சே, என்னா, ரகூசா என்று மலை மேல் இருக்கும் பழைய ஊர்களாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். "ஒவ்வொரு ஊரும் மலை உச்சியில கூடு கட்டி வெச்ச மாதிரி இருக்கு தம்பி. கல்லு பாவின சந்து, சந்து முனையில ஒரு கோயில், திண்ணையில வயசானவங்க. நம்ம பக்கம் மலை மேல அப்படிப் பழைய ஊரு ஒண்ணுகூட இல்லையா? எல்லாம் எஸ்டேட்டும் ரிசார்ட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறதம்மா. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற அந்த மலையிலேயே இருக்கிறது. ஊரின் பெயர் வெள்ளகெவி.

எழுத்தில் வெள்ளகவி, வெள்ளகெவி என்று இரண்டு விதமாகவும் வரும். நிர்வாகத்தில் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகா. ஆனால் விளைந்ததை விற்கவும், வேண்டியதை வாங்கவும், காய்ச்சல் என்றால் டாக்டரைப் பார்க்கவும் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது பெரியகுளத்துக்குத்தான். கும்பக்கரை அருவிக்குக் குளிக்கப் போகாத தேனிக்காரர்கள் கிடையாது. அருவிக்குப் பக்கத்திலிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வெள்ளகெவிக்குப் போகும் வழி. அதையே பிடித்து இன்னும் ஏறினால் டால்பின் நோஸ், வட்டக்கானல், கொடைக்கானல்.

கொடைக்கானலுக்கு வயது எவ்வளவு என்று கேட்டால் நம்மவர்கள் வெள்ளைக்காரன் காலத்தைச் சொல்வார்கள். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலுக்குத் தங்கள் ஆட்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டுத் தப்பிக்க ஏறியவர்கள் அவர்கள். முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள்; அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. கொடைக்கானல் ஏரி 1863-ல் வெட்டப்பட்டது. இதெல்லாம் சுற்றுலா வழிகாட்டிகள் மனப்பாடமாகச் சொல்கிற செய்திகள். அதற்கு முன்னால் 1821-ல் நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி இந்த மலையை அளக்க வந்தபோது வெள்ளகெவியில்தான் முகாம் போட்டார். அங்கிருந்துதான் மேலே ஏறிப் போய் இன்றைய கொடைக்கானல் இருக்கும் இடத்தை அளந்தார். கொடைக்கானல் என்ற நகரம் பிறப்பதற்கு முன்பே, வழிப்போக்கனுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிற அளவுக்கு வெள்ளகெவி நிலைத்த ஊராக இருந்திருக்கிறது.

பழனி மலையின் பழைய உழவர் குடிகள் குன்னுவர்கள். நானூறு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் தாராபுரம், காங்கேயம் பக்கத்துச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. சிசிலியில் மலை மேல் ஊர் கட்டியவர்களுக்குக் கீழே கடற்கொள்ளையரும் படையெடுப்பும் மலேரியாவும் இருந்தன. இங்கே ஏறியவர்களை எது விரட்டியது என்று கல்வெட்டு வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சும்மா இருப்பவர் யாரும் மூட்டை முடிச்சோடு ஐயாயிரம் அடி ஏறமாட்டார்.

பாதை பிறகு மாறியது. தேவதானப்பட்டிப் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்குக் குதிரைப் பாதை ஒன்று வந்தது. துரைமார்களைப் பல்லக்கிலும் நாற்காலியிலும் தூக்கிக்கொண்டு கூலிகள் ஏறியதால் அதற்குக் கூலி காட் என்றே பெயர் விழுந்தது. 1910-களில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை முடிந்தது. இன்று நாம் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு போகிற சாலை. அதோடு தெற்குச் சரிவுப் பாதைகள் எல்லாவற்றுக்கும் வேலை போய்விட்டது. கொடைக்கானலுக்கு வழி காட்டிய ஊர், கொடைக்கானல் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட விழாமல் நின்றுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு தை மாதம், வட்டக்கானலிலிருந்து இறங்கி நான் அந்த ஊருக்குப் போனேன். டால்பின் நோஸ் பாறை வரைக்கும் கூட்டம். செல்பி, மக்காச்சோளம், ஆம்லெட், பிரெட். பாறையைத் தாண்டி ஐம்பது தப்படி வைத்தால் சத்தம் அடங்கிவிடும். பாதை மரவேர்களுக்கு நடுவே படிப்படியாக இறங்குகிறது. பாதி தூரத்தில் எதிரே இரண்டு குதிரைகள் மூட்டையோடு ஏறி வந்தன. ஓரமாக நின்று வழிவிட்டோம். ஓட்டி வந்த பையன், "மலைப்பக்கமா ஒதுங்குங்கண்ணே, பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்க. மூட்டை இடிச்சுச்சுன்னா நேரா பெரியகுளம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். மலைப்பாதையில் நடக்க நினைக்கிற எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விதி அது.

ஊர் எல்லையில் ஒருவர் நிறுத்தினார். "செருப்ப இங்கனயே கழட்டிருங்க. ஊருக்குள்ள யாரும் போடுறதில்ல." போர்டு எதுவும் இல்லை, அவர் சொன்னதுதான். ஷூவை நாடாவில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டோம். உள்ளே போனால் காரணம் புரிகிறது. வீடுகளுக்கு நடுவே கோயில் என்று சொல்வதைவிடக் கோயில்களுக்கு நடுவே வீடு என்று சொல்லலாம். நாலு வீடு தாண்டினால் ஒரு சாமி. சில சாமிக்குக் கட்டடம், சில சாமிக்கு ஒரு கல்லும் மரமும். எது கோயில் வாசல், எது வீட்டு வாசல் என்று வெளியூர்க்காரனால் பிரிக்க முடியாது என்பதால் ஊர் மொத்தத்தையும் கோயிலாகவே வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதல் மூட்டை சுமப்பவர் வரை எல்லோரும் வெறுங்கால்தான். எரிச்சேயில் கல் பாவிய சந்தை அழகு என்று படம் எடுக்கிறோம். இங்கே கல் பாவிய தரை உள்ளங்காலில் படுகிறது. பத்து நிமிஷத்தில் எனக்கு நடையே மாறிவிட்டது.

காபி, மிளகு, எலுமிச்சை, பலா, பட்டர்ஃப்ரூட். மரத்துக்கு அடியில் செடி, செடிக்கு மேலே கொடி என்று மலைத்தோட்டம். ஒரு வீட்டுத் திண்ணையில் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. "இருங்க தம்பி, கடுங்காப்பி போடுறேன். பால் கேக்காதீங்க" என்றார் அந்த வீட்டு அப்பத்தா. கருப்பட்டி போட்ட காபி. கொடைக்கானல் கடைவீதியில் மலைக்காபி என்று அச்சடித்த பாக்கெட்டில் விற்பதை இனிமேல் வாங்குவதில்லை என்று என்னோடு வந்த நண்பர் அங்கேயே சபதம் செய்தார். சபதம் மூன்று மாதம் நின்றது.

காபி குடித்துக்கொண்டே, "ரொம்ப அமைதியான ஊர். இப்படியே இருக்கணும்" என்றார் நண்பர். நல்ல மனதோடு சொன்னதுதான். திண்ணையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நீங்க எத்தனை மணிக்கு இறங்குறீங்க?"

"மூணு மணிக்கு."

"நாங்க இங்கனதான் இருப்போம்" என்றார். பிறகு அவரே பேச்சை மாற்றி, டோலி தூக்கிய கதைகளைச் சொன்னார். கம்பில் போர்வையைத் தொட்டில் மாதிரிக் கட்டி, அதில் நோயாளியைப் படுக்கவைத்து, முன்னாலும் பின்னாலும் ஆள் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். பிரசவ வலி என்றாலும் பாம்புக்கடி என்றாலும் மாரடைப்பு என்றாலும் அதே கம்பு, அதே போர்வை. இரவில் டார்ச் பிடித்து ஒருவர் முன்னே ஓடுவார். "சும்மா நடந்தா ரெண்டரை மணி நேரம். ஆளைத் தூக்கிட்டுப் போறப்ப மட்டும் இந்தப் பாதை நீண்டுக்கிட்டே போகும் தம்பி" என்றார். 2025-ல் வந்த 'கெவி' திரைப்படம் இந்த வலியைத்தான் கதையாக எடுத்துக்கொண்டது.

நமக்கு டிரெக்கிங், அவர்களுக்கு ஆஸ்பத்திரி வழி. பழைய ஊர்களைத் தேடிப் போகிற நம் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பழமை மாறாமல் இருக்கிறது என்று நாம் மெச்சுகிற இடங்களில் பாதி, வசதி வந்து சேராத இடங்கள்.

சாலை போடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஊரைச் சுற்றி இருப்பது காடு. 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது; சரணாலய எல்லைக்குள் என்றால் அனுமதியின் படிகள் இன்னும் கூடும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. காட்டை நம்பி வாழும் மக்களுக்காகப் பள்ளி, குடிநீர், சாலை போன்ற வேலைகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம் ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஒரு ஜீப் மட்டும் போகிற மாதிரி 3 மீட்டர் அகலத்துக்குப் போட்டால்கூட மூன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல் போவதற்குள் அளவு தீர்ந்துவிடும். மலையில் சாலை நேராகவும் ஏறாது. வளைந்து வளைந்துதான் ஏறும். நடைபாதை ஐந்து கிலோமீட்டர் என்றால் வண்டிப்பாதை அதைப்போல் இரண்டு மடங்காவது ஆகும்.

சாலை வந்தால் வட்டக்கானல் மாதிரி ஆகிவிடும், காடு போய்விடும், ஹோம்ஸ்டே முளைக்கும் என்கிறார்கள். நியாயமான பயம். வட்டக்கானலை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தைச் சொல்கிறவர்களில் பலர் வட்டக்கானலில் அறை எடுத்துத் தங்கிவிட்டு வந்து சொல்பவர்கள். என் கணக்கில், 108 வண்டி வந்து நிற்கிற அளவுக்கு ஒரு பாதை எந்த ஊருக்கும் சேர வேண்டியது. அதற்குப் பிறகு தோட்டத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது அவர்கள் பாடு. கட்டடத்துக்கு வரைமுறை வைப்பது அரசாங்கத்தின் பாடு. ஊர் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கம்பில் தூக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். சிசிலியின் மலை ஊர்களுக்குச் சாலை எப்போதோ போய்விட்டது. எரிச்சேவுக்குக் கீழே டிராபானியிலிருந்து ரோப்காரே ஓடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் என்னா ஒரு மாகாணத்தின் தலைநகர். இருந்தும் உள்ளடங்கிய சிற்றூர்களில் இளைஞர்கள் தங்கவில்லை. முதலில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். பிறகு மிலானுக்கும் ஜெர்மனிக்கும் ரயில் ஏறினார்கள். 2019-ல் சம்பூக்கா என்ற மலை ஊரின் நகராட்சி, பூட்டிக் கிடந்த வீடுகளை ஒரு யூரோ ஆரம்ப விலைக்கு ஏலம் விட்டது உலகச் செய்தியானது. இன்றைக்கு நம் காசில் நூறு ரூபாய் சொச்சம். குறிப்பிட்ட காலத்துக்குள் சொந்தச் செலவில் பழுது பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. கங்கி, முசொமேலி என்று வேறு ஊர்களும் இப்படி விற்றிருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். நம் வாசகி பார்த்துச் சொக்கிய சந்துகளிலும் எத்தனை கதவு நிஜமாகவே திறந்திருந்தது என்று எண்ணிப் பார்த்திருப்பாரோ தெரியாது. வெள்ளகெவியில் நான் பார்த்தவரை கதவுகள் திறந்திருந்தன. ஆனால் மேல்படிப்புக்குப் பெரியகுளத்துக்கோ கொடைக்கானலுக்கோ போகிற பிள்ளை, அங்கேயே வேலை தேடிக்கொள்வது இங்கேயும் உண்டு.

முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு வேறு வழிகள் சொல்கிறேன். கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் பூம்பாறை. இதுவும் பழைய உழவர் ஊர்தான். ஊர் வரைக்கும் பஸ் போகிறது. சாலை வளைவில் நின்று பார்த்தால் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள், சுற்றிலும் படிக்கட்டு வயல்கள், நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். சிசிலியை ஞாபகப்படுத்தும் காட்சி வேண்டுமென்றால் இதுதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து விளைச்சல். நம் நாட்டுப் பூண்டைவிட வாசமும் காரமும் கூட. படம் எடுப்பவர்கள் சாலையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயில் வரை இறங்குங்கள்.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை பிரிவைத் தாண்டி அடுக்கம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையிலும் போகலாம். பல வருஷம் கேட்டுக் கேட்டு வந்த சாலை. குறுகலானது, மழைக்காலத்தில் மண் சரிந்து அடிக்கடி அடைபடும். புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட மருமகனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள்.

போடிப் பக்கம் இன்னொரு கதை. குரங்கணிக்கு மேலே, கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன். மூணாறு தேயிலை நூறு வருஷங்களுக்கு முன்னால் சின்ன ரயிலில் இந்த இடத்துக்கு வந்து, ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. மேலே டாப் ஸ்டேஷன், இடையில் சென்ட்ரல், அடியில் பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர்கள் அந்தக் காலத்து மிச்சம். 1924-ம் ஆண்டு வெள்ளத்தில் மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவே இல்லை. சென்ட்ரலில் இன்றைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் இந்த மலைச் சிற்றூர்களில் சிலவற்றுக்கு ஓட்டு மிஷின் குதிரையிலோ கழுதையிலோ ஏறும் படம் பத்திரிகையில் வரும். மற்ற நாளில் வராது. போடிக்கு 2023 ஜூன் முதல் சென்னையிலிருந்தே ரயில் இருக்கிறது. குரங்கணி வரை பஸ்ஸும் ஜீப்பும் உண்டு.

குரங்கணி என்றதும் 2018 மார்ச் 11 ஞாபகம் வராமல் இருக்காது. காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவின் புல் மாசி, பங்குனியில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று தேனிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: எந்த மலைப்பாதையானாலும் வனத்துறையிடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள். 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. தீ பயமுள்ள மாதங்களில் பாதையை மூடிவிடுவார்கள். வெள்ளகெவிக்கும் கிளம்புவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டையும் வழுக்கலும். தை முதல் பாதி மாசி வரை நல்ல காலம். வட்டக்கானலிலிருந்து இறங்கிக் கும்பக்கரையில் முடிப்பது மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்குக் கெடுதல். ஏறுவது நேர்மாறு. உள்ளூர் ஆள் ஒருவர் கூட வரட்டும். காட்டுமாடு குறுக்கே நின்றால் என்ன செய்வது என்பது அவருக்குத்தான் தெரியும்.

காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி ஒரு பொட்டலம் கொண்டுபோய் ஊரில் கொடுக்கலாம். பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவரலாம். கோயில்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். காபிக்கொட்டையோ மிளகோ கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள். பெரியகுளம் சந்தை விலையைச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம். சந்தையில் அந்த விலைக்கு விற்க, ஒரு குதிரைக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் கூலி கொடுத்துத்தான் அவர்கள் மூட்டையை இறக்குகிறார்கள். உங்களுக்கு விற்றால் அந்தக் கூலி அவர்கள் கையில் நிற்கும்.